ஆனியில் பூசிய சுவர்

அன்று மத்தியானம் வீட்டுக்காரர் என் வெண்கலக் கரண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். வச்சிரம் காய்ச்சுவதற்காக என்னைக் கேட்காமல் எடுத்துப்போன கரண்டி. மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற அந்தப் பசையைக் கலந்தால்தான் வர்ணம் சுவரில் நிற்கும் என்பார். நிற்கட்டும். அதற்கு என் குழம்புக் கரண்டிதானா கிடைத்தது? புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தார். முகர்ந்து பார்த்தேன். நாற்றம் போகவில்லை.

"இனி இதுல குழம்பு கிண்டினா தெருவே மூக்கைப் பொத்தும்" என்றேன்.

"அப்போ கமிட்டிக்காரங்களுக்குச் சோறு போடும்போது கிண்டு" என்று சொல்லிக் கரண்டியை ஆணியில் மாட்டிவிட்டுச் சாரலில் இறங்கிப் போனார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அவரைக் கொன்றவர்கள் என்று நான் யாரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவர்களுக்கு மரியாதை கூடிவிடும். கொலை செய்ய ஒரு துணிவு வேண்டும், ஒரு கோபமாவது வேண்டும். எங்கள் தெரு வாசகசாலைக் கமிட்டிக்காரர்களிடம் இருந்தது ஒரு சால்வையும், அதைப் போர்த்திக்கொண்டு பெரிய மனிதர் ஒருவர் பக்கத்தில் நிற்கிற ஆசையும்தான். அதற்கு ஒரு ஆள் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் மாடக்கண்ணு தென்காசியில் படம் எழுதுகிறவர். கோயில் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டுவார். நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதுவார். கடைக்குப் பலகை எழுதுவார். மாட்டுப் பொங்கலுக்குத் தெருவில் உள்ள கொம்புகளையெல்லாம் எழுதுவார். எழுதியது எதுவும் நிற்காது. வாகனத்தை அடுத்த வருஷம் வேறொருவர் சுரண்டிவிட்டு எழுதுவார். திரை கம்பெனியோடு ஊர் ஊராகப் போய்க் கிழியும். கொம்பு வர்ணத்தை மாடே மரத்தில் தேய்த்துவிடும். கூரைக்குக் கீழே மழை படாத ஒரு சுவர் கிடைத்தால் போதும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால்தான் வாசகசாலைக்காரர்கள் கூப்பிட்டதும் ஓடினார்.

தெருவில் ஒரு வாசகசாலை வேண்டும் என்பது பரீது ராவுத்தருடைய யோசனை. அவர் நெசவுக்காரர்களுக்கு நூல் விற்கிற கடை வைத்திருந்தார். சரக்கு எடுக்கத் திருவனந்தபுரம் போனபோது அங்கே ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிற புத்தகத்தைக் கொண்டுவந்து ஒரே இடத்தில் வைக்க வேண்டும், ஆளுக்கு ஆள் மாற்றி எடுத்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். சொன்னதோடு அவர் வேலை முடிந்துவிட்டது. தலைவராக உட்கார்ந்தவர் சிவனணைந்தபெருமாள் பிள்ளை. இலஞ்சியில் வயலும் தென்னந்தோப்பும் உள்ளவர். அவர் வீட்டுப் பழைய வண்டிக்கொட்டகைதான் வாசகசாலை ஆயிற்று. காரியதரிசி தளவாய், பத்திரம் எழுதுகிறவர். தலைவர் தும்மினால்கூட 'சரிதான் அண்ணாச்சி' என்பார்.

வந்து சேர்ந்த புத்தகங்களைப் பிற்பாடு நான் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். முடிந்துபோன வருஷங்களின் பஞ்சாங்கம். பழைய ரயில் நேரப் புத்தகம். முதல் பாகம் இல்லாத சட்டப் புத்தகத்தின் இரண்டாம் பாகம். விதைக் கம்பெனிக்காரன் இலவசமாக அனுப்பிய படப் புத்தகம். குதிரைகளுக்கு வரும் நோய்களைப் பற்றி ஒன்று. வீட்டில் எங்கே தள்ளுவது என்று தெரியாமல் கிடந்ததையெல்லாம் அறிவுதானம் என்று கொண்டுவந்து தள்ளினார்கள். கதைப் புத்தகம் இருந்த வீடுகள் அவற்றைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டன. நாலு பேர் கை பட்டால் அழுக்காகிவிடுமாம்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு எனக்குப் படிக்கக் கிடைத்தது நாடக நோட்டீஸ்தான். திரை எழுதப் போகிற இடத்திலிருந்து அவர் மடியில் செருகிக்கொண்டு வருவார். அதில் கதை பாதிவரை இருக்கும். இளவரசியைக் காட்டில் விட்டுவிட்டுச் சேவகர்கள் திரும்பினார்கள், அவள் கதி என்ன ஆயிற்று, மீதியை மேடையில் காண்க என்று முடியும். மேடையில் போய்க் காண எங்களை யார் விடுவார்கள்? எத்தனையோ இளவரசிகளை நான் அப்படியே காட்டில் விட்டுவிட்டு அடுப்பு மூட்டப் போயிருக்கிறேன். கடைசிப் பக்கம் வரை உள்ள ஒரு புத்தகத்தை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று ஒருநாள் அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். அப்போது அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

கமிட்டியார் கூலி பேசக் கூப்பிட்டபோது சொன்னார். கூலி வேண்டாம், அதற்குப் பதில் என் வீட்டுக்காரி மத்தியான வேளையில் வாசகசாலைக்கு வந்து உட்கார்ந்து படிக்கச் சம்மதிக்க வேண்டும் என்று கேட்டாராம். வாசகசாலை விதிகளில் முதல் விதியே ஆடவர்க்கு மட்டும் என்பது. பிள்ளை சிரித்தார்.

"பொம்பளை படிச்சு என்னலே செய்யப்போறா? பத்திரம் எழுதப்போறாளா?"

எல்லோருக்கும் முன்னால் தளவாய்தான் சிரித்தார். தம் பிழைப்பைத்தான் கேலி செய்கிறார்கள் என்று அவருக்கு உறைக்கவில்லை. கூலி மிச்சம் என்றதும் பிள்ளைக்கு மனம் இளகியது. முதலில் சுவரை முடி, பிறகு வரட்டும் என்றார். "சரின்னு சொல்லிட்டிய அண்ணாச்சி, நான் கேட்டுக்கிட்டேன்" என்று ராவுத்தர் மட்டும் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் இதைச் சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்த தண்ணீரை எங்கே ஊற்றினேன் என்று இன்றும் எனக்கு ஞாபகம் இல்லை.

பங்குனியில் பேசியது. சித்திரையும் வைகாசியும் வெயில் காலம். வண்டிக்கொட்டகையின் வடக்குப் பக்கம் திறந்து கிடந்ததால் அங்கே புதிதாகச் சுவர் வைத்தாக வேண்டும். அதைக் கட்டிச் சாந்து பூசிக் காயவிட்டிருந்தால் நல்ல நாளில் படம் எழுதியிருக்கலாம். அந்த இரண்டு மாதத்தையும் கமிட்டியார் பேசித் தீர்த்தார்கள். புத்தகம் கொடுத்தவர்கள் பெயரைச் சுவரில் எழுத வேண்டும், யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே? பழைய பஞ்சாங்கம் கொடுத்தவர், ரயில் புத்தகம் கொடுத்தவருக்குக் கீழே தம் பெயர் வந்தால் பஞ்சாங்கத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்றார். ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் தாமரை மொட்டு வந்தால் அடுத்தவருக்கு விரிந்த தாமரை வேண்டியிருந்தது. எழுத்தின் உயரத்தைச் சாணால் அளந்து பார்த்தார்கள். சுவரே எழும்பவில்லை, அதற்குள்.

வடக்குச் சுவர் நடுவில் பிள்ளையின் தகப்பனார் கையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஆயிற்று. அந்தப் பெரியவர் கைநாட்டு வைத்தே காலம் கழித்தவர் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் முகத்தை அப்பாவிபோல வைத்துக்கொண்டு, எந்தப் புத்தகம் என்று சொன்னால் அட்டையின் நிறத்தைச் சரியாகப் போட்டுவிடலாம் அண்ணாச்சி என்று கேட்டார். அதற்கு ஒரு கூட்டம் போட்டார்கள்.

அவரும் சும்மா இருக்கவில்லை. மேற்குச் சுவர் பழைய சுவர், காய்ந்த சுவர். அதில் குற்றாலத்து அருவியை எழுதினார். அருவி ஓரத்துப் பாறையில் வரிசையாகக் குரங்குகளை உட்கார வைத்தார். ஒன்று வயிற்றைத் தடவிக்கொண்டு, ஒன்று அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒன்று வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு. கமிட்டி அப்படியே பாறையில் இருந்தது. கமிட்டியார் வந்து பார்த்தார்கள். வயிற்றைத் தடவுகிற குரங்கு உயிரோடு இருப்பதுபோல் இருக்கிறது என்று பிள்ளை வயிற்றைத் தடவிக்கொண்டே மெச்சினார். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் இருவருக்கும் புரை ஏறியது.

வடக்குச் சுவரைக் கட்டிச் சாந்து பூசி முடிக்கும்போது ஆனி பிறந்துவிட்டது. மலையில் மேகம் இறங்கிச் சாரல் தொடங்கிவிட்டது. ஆனிச் சாரலில் எங்கள் பக்கத்தில் உப்புக் கரையும், தீப்பெட்டி நமுக்கும், உலர்த்திய வேட்டி மூன்றாம் நாளும் ஈரமாகத்தான் இருக்கும். புதுச் சுண்ணாம்புச் சாந்து எப்படிக் காயும்? ஆவணி வரை பொறுக்க வேண்டும் என்று இவர் சொன்னார்.

பொறுக்க முடியாது. சீசனுக்குக் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்குகிற ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியைத் திறப்புவிழாவுக்கு அழைத்திருந்தார்கள். அருவியில் தண்ணீர் விழுந்தால்தான் அவர் வருவார். தண்ணீர் ஆனியில் விழும். ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் எதுவும் செய்யக் கூடாது. ஆவணிக்கு அவர் ஊர் திரும்பிவிடுவார். ஆக, தண்ணீர் வந்த பிறகும் ஆடி பிறக்கும் முன்பும் உள்ள அந்தக் கொஞ்ச நாளுக்குள், உள்ளதிலேயே ஈரமான நாட்களில், சுவர் காய்ந்தாக வேண்டும். படித்தவர்கள் கூடி உட்கார்ந்து கண்டுபிடித்த முகூர்த்தம் அது.

"ஆவணியில வாங்கன்னா வந்து நிக்க அவரு என்ன ஒன் மாமனாலே?" என்று பிள்ளை இவரைக் கேட்டார்.

பிறகு அவரே வழியும் சொன்னார். அவர் மகளுக்கு ஒரு சாரல் காலத்தில்தான் பிரசவம் ஆயிற்றாம். பேறுகால அறையில் கணப்புச் சட்டி வைத்து, காற்றுப் புகாமல் அடைத்து வைத்தார்களாம். குழந்தைத் துணியெல்லாம் ஒரு பொழுதில் சுக்காகக் காய்ந்ததாம். அதைப் போல இங்கேயும் சட்டிகளில் நல்ல அடுப்புக்கரியைக் கங்காக்கி வைத்து, சன்னலை அடைத்துவிட்டால் சுவர் காய்ந்துவிடும் என்றார். தளவாய் அதை ஒரு சாஸ்திரம் கேட்பதுபோலக் கேட்டார்.

பேறுகால அறையைப் பற்றி நான் சொல்கிறேன், அக்கம்பக்கத்துப் பேறுகாலங்களில் உதவிக்கு நின்றவள். அதன் கதவு ஒரு நாழிகை சேர்ந்தாற்போலச் சாத்தியிருக்காது. மருத்துவச்சி வருவாள், வெந்நீர் வரும், அத்தை வருவாள், துணியை அள்ளிக்கொண்டு ஒருத்தி வெளியே போவாள். கணப்பில் சாம்பல் பூத்தால் சட்டியை வாசலுக்குக் கொண்டுபோய்த் தட்டிவிட்டு வருவார்கள். வாசற்படிக்கு வெளியே நின்று, பிறந்தது ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போன மனிதருக்கு இது எப்படித் தெரியும்? சன்னல் சாத்தியிருந்தது அவர் கண்ணில் பட்டது. கங்கின் நச்சுக்காற்று போகக் கதவு திறந்திருந்தது படவில்லை. எங்களுக்குக் குழந்தை கிடையாது. என் வீட்டுக்காரரும் அந்த அறையைக் கண்டவர் இல்லை. யோசனை அவருக்கும் பிடித்துவிட்டது. மழை படாத சுவர் கையில் கிடைத்தும் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தவர் அவர்.

கணப்பு வைத்துக் காயவைக்கிறோம் என்று என்னிடம் சொன்னார். கதவைப் பற்றிச் சொல்லவில்லை. நீதிபதி பார்க்கும் முன் தெரு ஜனங்கள் பார்த்துவிட்டால் படத்தின் மவுசு போய்விடும் என்று பிள்ளை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் சன்னல்களுக்கு வெளியே பனம்பாய் அடித்து, கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு இவர் வேலை செய்தார். முதல் நாள் தலைவலி என்று வந்தார். வச்சிரத்தின் நாற்றம் என்று நினைத்துச் சுக்கு உரைத்துப் பற்றுப் போட்டேன். மறுநாள்தான் கரண்டியைக் கொண்டுவந்தது.

பிற்பாடு நடந்ததை ராவுத்தர் எனக்குச் சொன்னார். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்கத் தளவாய் பொழுது சாய்ந்து போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. பிள்ளையைக் கூட்டிவந்தார். அவரும் தட்டினார். கதவை உடைக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். கதவுக்கு அன்று காலையில்தான் வார்னிஷ் அடித்திருந்தார்கள். ஆசாரியைக் கூப்பிட்டு வந்து கீலைக் கழற்றச் சொல்லலாம் என்றார் பிள்ளை. ஆசாரி வீடு எங்கே என்று இரண்டு பேர் பேசிக்கொண்டு நின்றபோது ராவுத்தர் கடையிலிருந்து ஓடிவந்து, நெசவுக்குப் பாவு சுற்றுகிற ஒரு கட்டையால் சன்னல் பலகையை உடைத்து உள்ளே இறங்கினார். புகை இல்லை, வாடை இல்லை, முகத்தில் சூடு மட்டும் அடித்தது என்றார். இவர் வடக்குச் சுவருக்குக் கீழே ஒருக்களித்துப் படுத்திருந்தார். பெரியவரின் முகம் முடிந்திருந்தது. புத்தக அட்டைக்கு நிறம் போடவில்லை.

பின்பக்கச் சந்து வழியாகத் தூக்கி வந்தார்கள். தெரு வழியாக வந்தால் நாலு பேர் பார்ப்பார்கள். மயக்கம் போட்டுவிட்டார், வைத்தியருக்கு ஆள் போயிருக்கிறது என்று என்னிடம் சொன்னார்கள். நான் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரலில் காவி வர்ணம் காயாமல் ஒட்டியது. விரல் மடங்கவில்லை.

என்னை அழக்கூட விடாமல் பிள்ளை பக்கத்தில் வந்து குனிந்தார்.

"இந்தா பாரும்மா. ஆனது ஆயிப்போச்சு. இங்கன கொண்டாந்த பெறகுதான் உயிரு போச்சுன்னு வச்சுக்கிடுவோம். கேக்கிறவங்ககிட்ட அப்படியே சொல்லிரு. அங்கன நல்ல காரியம் நடக்கப்போகுது."

"கை வெறைச்சுல்லா வந்திருக்காரு, அண்ணாச்சி."

"அதெல்லாம் யாரு பாக்கப்போறா? நீ வாசகசாலையில வந்து படிக்கணும்னு அவன் ஒரு வாக்கு வாங்கியிருக்கான். அதையும் நெனச்சுப் பாத்துக்க."

புருஷன் பாயில் கிடக்கும்போது புத்தகத்தைக் காட்டி என்னிடம் பேரம் பேசினார்.

"நெனச்சுப் பாத்துட்டேன். யாரு கேட்டாலும் உள்ளதைத்தான் சொல்லுவேன்" என்றேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. தளவாயைப் பார்த்தார். இரண்டு பேரும் பயந்துபோய் வெளியே போனார்கள். அவர்கள் பயந்திருக்கவே வேண்டாம். யாரும் கேட்கவில்லை. தலையாரி வந்து வாசலில் நின்று, வீட்டில்தானே என்று தளவாயிடம் கேட்டான். தளவாய் தலையை ஆட்டினார். அவன் போய்விட்டான். துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள், என்ன வயசு என்று கேட்டார்கள், நகை எங்கே என்று கேட்டார்கள். எங்கே வைத்து என்று ஒருத்தியும் கேட்கவில்லை. சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

ஆனி முடியும் முன் திறப்புவிழா நடந்தது. புதுக் கட்டடம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, ஐயரை வைத்துத் தீர்த்தம் தெளித்துத் தீட்டைக் கழித்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து நாலு வாசல் தள்ளி நாதசுரம் வாசித்தார்கள். நான் மூலையில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள் பூக்கட்டுகிறவள். மாலை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாசலோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்து வந்து சொன்னாள். அன்று அருவியில் தண்ணீர் அருமையாக விழுந்ததால் நீதிபதிக்குக் குளித்து எழுந்து வர மனம் வரவில்லை. எல்லோரும் நனைந்துகொண்டு நின்றார்கள். கடைசியில் அவர் ஈரத் தலையோடு வந்து இறங்கி, இங்கிலீஷில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று தெரியாமலே எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு பெரியவர் படத்துக்கு மாலை போட்டார்கள்.

மேலே சூட்டில் காய்ந்து உள்ளே ஈரம் நின்ற சாந்து அப்பளம்போல உப்பியிருந்திருக்கிறது. தண்ணீர் தெளித்த ரோஜா மாலை, நல்ல கனம். ஆணியில் மாட்டிவிட்டுக் கையை எடுத்ததும் தலைப்பாகையிலிருந்து மோவாய் வரை ஒரே பத்தையாகப் பெயர்ந்து, கீழே வைத்திருந்த பூந்தித் தாம்பாளத்தில் விழுந்தது. நீதிபதி தும்மினார். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளாமலே காரில் ஏறினார்.

"நானே சிரிச்சிருப்பேன், தாயி. ஒன்னைய நெனச்சு வாயைப் பொத்திக்கிட்டேன்" என்றாள் முப்பிடாதி.

நான் சிரித்தேன். துக்க வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது என்று மறுநாள் தெருவில் பேசினார்களாம்.

பெயர்ந்து விழுந்ததற்குச் சுவரின் ஈரம் காரணம் என்று ஒரு கொத்தனாரைக் கேட்டால் சொல்லியிருப்பான். கமிட்டியார் அவனிடம் போகவில்லை. மாடக்கண்ணுதான் தள்ளிவிட்டான் என்று தளவாய் காதோடு காதாகச் சொன்னார். அது போதுமாக இருந்தது. உச்சிப்பொழுதில் அங்கே தூரிகை கழுவுகிற சத்தம் கேட்கிறது என்றார் ஒருவர். வச்சிர வாடை அடிக்கிறது என்றார் இன்னொருவர். பெண்கள் கோடாங்கியிடம் குறி கேட்கப் போனால் அறிவில்லாத ஜன்மங்கள் என்று வைகிற பிள்ளை, யாருக்கும் தெரியாமல் கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கோடாங்கியை வரவழைத்து, வாசல் நிலையில் தாயத்துக் கட்டினார். அப்படியும் அவர் உள்ளே போய் உட்காரவில்லை. ஒருவரும் உட்காரவில்லை. வீட்டில் செத்தவர் வாசகசாலையில் எதற்காக உலாவ வேண்டும் என்று கேட்க அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க முடியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு முப்பிடாதிதான் கேட்டாள். பூத்தொடுத்துக்கொண்டே, "எங்கன வச்சு தாயி உயிரு போச்சு?" என்றாள். சொன்னேன். கணப்பையும், பனம்பாயையும், தாழையும், வார்னிஷையும் சொன்னேன். அவள் நாரைக் கடித்துத் துப்பிவிட்டு மறுபடி தொடுக்கத் தொடங்கினாள். மறுநாள் பூக்கூடையோடு சேர்ந்து அது எல்லா வீட்டு அடுக்களைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆவணியில் ஒருநாள் தளவாய் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. திறப்பு விழாக் கண்ட கட்டடம் ஒட்டடை படிந்து கிடந்தால் தலைவருக்கு இழுக்கு. கூட்டுவதற்கு ஆள் அனுப்பினால் ஒருவரும் போகமாட்டேன் என்கிறார்கள். சாவியைப் படியில் வைத்தார்.

"அண்ணாச்சி சொல்லுதாக, நீ போயி அங்கன தூத்து, வெளக்குப் பொருத்திட்டு வரணுமாம். ஒன் புருசன்தானே, ஒன்னைய ஒண்ணும் செய்ய மாட்டான்லா."

"அவரு வீட்டுல வச்சுல்லா போனாரு. அங்கன எதுக்கு இருக்காரு?"

தளவாய் குடையை விரித்தார். மடக்கினார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. மறுபடி விரித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அவர்கள் கொடுத்த வாக்கை அவர்கள் காப்பாற்றவில்லை. விளக்குமாற்றைக் கொடுத்தார்கள். சாவி அதோடு வந்தது. மத்தியானம் போய்க் கதவைத் திறந்தேன். பனம்பாய்களைப் பிய்த்துத் தெருவில் எறிந்தேன். தாயத்தை அறுத்து அதோடு போட்டேன். கணப்புச் சட்டிகள் அப்படியே மூலையில் இருந்தன. அவற்றை வெளியே கொண்டுபோய்க் கல்லில் போட்டு உடைத்தேன். தலைவர் வீட்டுச் சட்டிகள், உடைத்ததற்கு யாரும் வந்து கேட்கவில்லை. பிறகு கூட்டினேன். கூட்டி முடித்துவிட்டு அலமாரியைத் திறந்து, உள்ளதில் கதைபோலத் தெரிந்ததை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். அது குதிரைகளுக்கு வரும் நோய்களைப் பற்றிய புத்தகம். மேற்குச் சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. குளம்பு வெடிப்பில் தொடங்கி, வயிற்று வலி, கண்ணில் புரை, கிழக் குதிரையின் பல் வரைக்கும் படித்தேன். முடிவுப் பக்கத்தில் முற்றும் என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லை நான் அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. தலையைக் கவிழ்த்துக்கொண்டு அன்றைக்குத்தான் முழுதாக அழுதேன்.

அடுத்த வாரம் முப்பிடாதி பூக்கூடையோடு வந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் சத்தமாகப் படித்தேன். குதிரைக்கு வந்த நோய்களில் பாதி தன் மாமியாருக்கு இருப்பதாகச் சொன்னாள். பிறகு நூருன்னிசா வந்தாள், ராவுத்தரின் தங்கை. பிறகு தளவாயின் வீட்டுக்காரி வந்தாள். ஆவி உலாவுகிற இடம் என்று புருஷன்மார் ஒருவரும் அந்தப் பக்கம் தலைகாட்டாததால் அவளுக்கு அதைவிடச் சௌகரியமான இடம் தெருவில் இல்லை. வெறுங்கையோடு வரவில்லை. முந்தானைக்குள் மறைத்து, புருஷன் பெட்டியில் பூட்டி வைத்திருந்த கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தாள். ஒன்றைப் பார்த்து ஒன்று, எல்லா வீட்டுப் பெட்டிகளும் திறந்துகொண்டன. ராவுத்தர் திருவனந்தபுரத்தில் பார்த்துவிட்டு வந்து சொன்னது அதற்குப் பிறகுதான் எங்கள் தெருவில் நடந்தது.

கமிட்டி இன்றும் இருக்கிறது. வருஷம் ஒருமுறை பிள்ளையின் வீட்டுக் கூடத்தில் கூடுகிறார்கள். தெருவின் அறிவு வளர்ச்சிக்குத் தாங்கள் ஆற்றும் தொண்டுக்காக ஒருவருக்கொருவர் நன்றி சொல்லித் தீர்மானம் போடுகிறார்கள். போன வருஷம், சீசனில் புத்தகங்கள் நமுத்துப்போகாமல் இருக்க வாசகசாலைச் சன்னல்களைச் சாத்தி வைக்க வேண்டும் என்றும் ஒரு தீர்மானம் போட்டுத் தளவாய் மூலம் சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் சாத்துவதில்லை. சாரல் உள்ளே அடித்தால் பெஞ்சைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்கிறோம்.